பழைய ஆக்‌ஷன் படங்களை ப்ளூ-ரேயில் வாங்கலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம் வாங்க!

எஸ்ஐபி, வருமான வரி, வீட்டுக் கடன்னு பேசுற இடத்துல இன்னைக்கு அர்னால்டு, ஸ்டாலோன், புரூஸ் வில்லிஸ். காரணம் இருக்கு. மாசச் சம்பளக்காரங்க பணம் பெரும்பாலும் ஒரே அடியில காலியாகிறது இல்ல. "1,500 ரூபாய்தானே" என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரையும்.

பிடிச்ச விஷயத்துக்குச் செலவு பண்ணாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். எதுக்குக் காசு கொடுக்கிறோம், அது திரும்ப நமக்கு என்ன கொடுக்குது என்று தெரிஞ்சு கொடுங்க. அவ்வளவுதான்.

டிஸ்க்ல அப்படி என்ன இருக்கு?

1980, 90களில் வந்த ஹாலிவுட் ஆக்‌ஷன் படங்கள் பெரும்பாலும் 35 எம்எம் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. டிவிடி காட்டியதைவிட அந்த ஃபிலிமில் விவரம் நிறைய இருக்கு. நம்ம ஊர் டிவிடியின் அளவு 720x576. ப்ளூ-ரே 1920x1080. அதனால "பழைய படம்தானே, இதுக்கு மேல என்ன தெளிவு வரப்போகுது" என்ற எண்ணம் தப்பு.

"அதே 1080பி ஓடிடியிலும் வருதே?" நியாயமான கேள்வி. 1080பி படம் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகம் 5 எம்பிபிஎஸ். ப்ளூ-ரேயில் வீடியோவுக்கு மட்டுமே 40 எம்பிபிஎஸ் வரை இடம் உண்டு. வெடிப்பு, புகை, மழை, வேகமான துரத்தல் மாதிரி காட்சிகள்தான் சுருக்கும்போது முதலில் அடிபடும். ஆக்‌ஷன் படத்துல அதுதானே முழுக்க! ஒலியும் அப்படித்தான். டிஸ்க்ல பெரும்பாலும் தரம் குறையாத ஒலி வரும், ஓடிடியில சுருக்கப்பட்ட ஒலி.

ஆனா ஒண்ணு. 32 இன்ச் டிவி, அதோட சொந்த ஸ்பீக்கர் என்றால் இந்த வித்தியாசத்துல பெரும்பகுதி உங்களுக்குத் தெரியவே தெரியாது. தெரியாத தரத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

"ப்ளூ-ரே" என்று போட்டிருந்தாலே நல்ல பிரிண்ட் இல்ல

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. 1987இல் வந்த ‘பிரிடேட்டர்’ படத்துக்கு 2010இல் ‘அல்டிமேட் ஹன்டர் எடிஷன்’ என்று ஒரு ப்ளூ-ரே வந்தது. ஃபிலிமுக்கே உரிய பொடிப்பொடியான துகள்களை கம்ப்யூட்டர் வைத்து அழித்துவிட்டார்கள். துகளோடு சேர்ந்து தோலின் விவரமும் போச்சு. அர்னால்டு மெழுகு பொம்மை மாதிரி தெரிவார். 2008இல் வந்த பழைய டிஸ்க்கே தேவலை என்று பல ரசிகர்கள் அதைத் தேடி வாங்கினார்கள்.

2017இல் வந்த ‘டெர்மினேட்டர் 2’ 4கே டிஸ்க்குக்கும் இதே புகார். 2024இல் வந்த ‘ஏலியன்ஸ்’, ‘ட்ரூ லைஸ்’ 4கே டிஸ்க்குகளையும் அளவுக்கு மீறி மெருகேற்றிட்டாங்க என்று விமர்சித்தவர்கள் உண்டு. ஆக, புதுசு, விலை அதிகம், 4கே என்ற மூணுமே தரத்துக்கு உத்தரவாதம் இல்ல. படத்தின் விமர்சனத்தைப் படிக்காதீங்க, அந்தக் குறிப்பிட்ட டிஸ்க்கின் விமர்சனத்தைப் படிங்க.

இப்போ நம்ம கணக்கு

கீழே உள்ள விலைகள் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்க எண்களைப் போட்டுக்கோங்க.

ஒரு டிஸ்க் 1,500 ரூபாய். பிளேயர் 12,000 ரூபாய், 5 வருஷம் உழைக்கும். இதே படத்தை ஆன்லைன்ல வாடகைக்கு எடுத்தா ஒரு தடவைக்கு 150 ரூபாய்.

- 5 வருஷத்துல 10 டிஸ்க் வாங்கினா: பிளேயரின் பங்கு டிஸ்க்குக்கு 1,200. மொத்தம் 2,700. வாடகையோடு சமமாக, ஒவ்வொரு படத்தையும் 18 தடவை பார்க்கணும்.
- 40 டிஸ்க் வாங்கினா: பங்கு 300 ஆகக் குறையும். மொத்தம் 1,800. 12 தடவை.
- டிஸ்க் போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5 அல்லது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஏற்கெனவே வீட்டில் இருந்தா: பிளேயர் செலவே இல்ல. 10 தடவை.
- அதோட, பிறகு 600 ரூபாய்க்கு விற்க முடிஞ்சா: நிகரச் செலவு 900. 6 தடவை.

இரண்டாவது வரியைப் பார்த்துட்டு "அப்போ 40 டிஸ்க் வாங்கினா லாபமா சார்?" என்று கேட்காதீங்க! சராசரி குறையுது, ஆனா கையிலிருந்து போறது 27,000க்குப் பதிலா 72,000. ஆஃபர் விற்கிறவங்க காட்டுறது சராசரி. நீங்க பார்க்க வேண்டியது மொத்தம்.

நீங்க ஏற்கெனவே கட்டுற ஓடிடியிலேயே படம் இருந்தா, இன்னொரு தடவை பார்க்க ஆகும் கூடுதல் செலவு பூஜ்யம். அங்கே பணக் கணக்குல டிஸ்க் ஜெயிக்கவே முடியாது.

அப்போ யாருமே வாங்கக் கூடாதா?

இல்ல. வாடகைக் கணக்குல வராத இரண்டு விஷயங்கள் இருக்கு.

முதல் விஷயம், கையில் இருப்பது. ஓடிடி பட்டியல் மாறிக்கிட்டே இருக்கும். "வாங்கு" பட்டனை அழுத்தி வாங்கும் டிஜிட்டல் படமும் பெரும்பாலும் பார்க்கும் உரிமம்தான், சொத்து இல்ல. இதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லணும் என்று கலிஃபோர்னியாவில் சட்டமே போட்டு, அது 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கு. டிஸ்க் உங்க அலமாரியில இருக்கும் வரை யாரும் எடுத்துட்டுப் போக முடியாது.

இரண்டாவது, வேறு வடிவங்கள். ‘ஏலியன்ஸ்’ தியேட்டர்ல வந்தது 137 நிமிஷம், நீட்டிக்கப்பட்டது 154 நிமிஷம். ‘டெர்மினேட்டர் 2’க்கும் இப்படி நீண்ட வடிவம் உண்டு. ஓடிடியில பெரும்பாலும் ஏதோ ஒண்ணுதான் இருக்கும். நல்ல டிஸ்க்ல இரண்டும் கிடைக்கும்.

இந்த இரண்டில் ஒண்ணு உங்களுக்கு உண்மையிலேயே முக்கியம்னா, கூடுதலாகக் கொடுக்கிற பணம் வீண் இல்ல. அது உங்க ரசனைக்கான விலை.

பில்லில் தெரியாத செலவுகள்

- ரீஜன்: சாதாரண ப்ளூ-ரேயில் இந்தியா ‘சி’, அமெரிக்கா ‘ஏ’, பிரிட்டன் ‘பி’. ரீஜன் பூட்டு போட்ட அமெரிக்க டிஸ்க் நம்ம பிளேயர்ல ஓடாது. 4கே டிஸ்க்குக்கு ரீஜன் இல்ல, ஆனா அதுக்கு 4கே டிஸ்க் பிளேயர் வேணும். பிளேஸ்டேஷன் 4 போதாது.
- இறக்குமதி: டாலர் விலையோட கூரியர், சுங்க வரி, கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு 18% ஜிஎஸ்டி எல்லாம் சேரும். மொத்தத்தைக் கூட்டிட்டு அப்புறம் "மலிவு" என்று சொல்லுங்க.
- மறுவிற்பனை: அழகான ஸ்டீல் டப்பா, லிமிடெட் எடிஷன் எதையும் முதலீடா நினைக்காதீங்க. விலை ஏறலாம், ஏறாமலும் போகலாம். சொந்த உபயோகத்துக்கு வாங்கின டிஸ்க் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்து இல்ல. லாபத்துக்கு விற்றாலும் மூலதன ஆதாய வரி இல்ல, நஷ்டமானா அதைக் கழிக்கவும் முடியாது. ஆனா வாங்கி விற்பதையே தொழிலா செய்தா அது வியாபார வருமானம்.

என் முடிவு

கார்டை எடுக்கும் முன் இந்த நாலு கேள்வி:

1. இந்தப் படத்தை ஏற்கெனவே இரண்டு தடவையாவது முழுசா பார்த்திருக்கேனா?
2. இந்த எடிஷனின் பிரிண்ட் நல்லா இருக்குன்னு படிச்சேனா?
3. என் பிளேயர், டிவி, ரீஜன் மூணும் ஒத்துப்போகுதா?
4. இது மாசப் பொழுதுபோக்கு பட்ஜெட்டுக்குள்ள வருதா? இஎம்ஐ, கிரெடிட் கார்டு பாக்கி இல்லாம?

நாலுக்கும் "ஆமாம்" வந்தா தாராளமா வாங்குங்க. முதல் கேள்விக்கே "இல்ல" என்றால் 150 ரூபாய்க்கு வாடகை எடுத்துப் பாருங்க. பிடிச்சதுன்னா கொஞ்சம் பொறுங்க. பழைய படங்களின் டிஸ்க் விலை வெளியான சில மாதங்களில் தள்ளுபடிக்கு வருவது சகஜம்.

வீட்டில் பிளேயரே இல்லாதவங்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் பிடித்த படங்களின் பட்டியலை எழுதுங்க. அதுல 10 பேர்கூட வரலன்னா, உங்களுக்குத் தேவை பிளேயர் இல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வாடகைப் படமும்தான்.