கல்யாண அழைப்பில் வந்த கிருமி



பாடாங் செராயிலோ பீடோங்கிலோ கல்யாணம் என்றால், முன்பெல்லாம் வெற்றிலை பாக்கோடு அழைப்பிதழ் வீடு தேடி வரும். இப்போது அது கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. அப்படி வரும் அழைப்பிதழுக்குள் கணினிக் கிருமியும் ஒளிந்து வரலாம். எந்தக் கருவிக்கு இந்த ஆபத்து அதிகம் என்பதை இன்று பார்ப்போம்.

கணினிக் கிருமி உயிருள்ள பூச்சி அன்று. கெட்ட எண்ணத்தோடு எழுதப்பட்ட கட்டளைத் தொகுப்பு. இயங்குதளம் என்பது, கருவிக்குள் எந்த வேலையை யார் செய்யலாம் என்று பிரித்துவிடும் கங்காணி போன்றது.

மேசைக் கணினிகளில் மிகுதியாக இருப்பது விண்டோஸ். மலை முழுவதும் ஒரே ரக ரப்பர்க் கன்றை நட்டால், ஒரு மரத்து இலைநோய் தோட்டம் முழுவதும் பரவும் அல்லவா? கிருமி எழுதுகிறவனும் அதிகம் பேர் வைத்திருப்பதையே குறிவைக்கிறான். 2017 மே 12ஆம் தேதி பரவத் தொடங்கிய வானாகிரை என்னும் கிருமி, சுமார் 150 நாடுகளில் விண்டோஸ் கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை உடனே போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள்.

மேக் கணினிக்குக் கிருமியே வராது என்று சொல்வார்கள். ஆனால் 2012இல் பிளாஷ்பேக் என்னும் கிருமி 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட மேக் கணினிகளில் புகுந்தது. மேசையில் லினக்ஸ் வைத்திருப்போர் குறைவு. அதனால் அங்கே தொல்லையும் குறைவு. ஆனால் இணையச் சேவைகளை நடத்தும் பெரிய கணினிகளில் லினக்ஸ் மிகுதி, அவற்றையும் தாக்குகிறார்கள்.

இனி நம் கைப்பேசிக்கு வருவோம். ஐபோன் பெரும்பாலும் ஆப்பிளின் சொந்தக் கடை வழியாகத்தான் செயலிகளை உள்ளே விடும். ஆண்ட்ராய்டு, நாம் சம்மதித்தால் வெளியிலிருந்து வருவதையும் விடும். திருடனுக்கு வேண்டியது அந்தச் சம்மதமே.

2024ஆம் ஆண்டின் நடுவிலிருந்து மலேசியாவிலும் புரூணையிலும் ட்ரியா என்னும் கிருமி, கல்யாண அழைப்பு வேடத்தில் வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாக வந்தது. அதை நிறுவியவரின் குறுஞ்செய்திகள் திருடனுக்குப் போயின. அவற்றில் வரும் சரிபார்ப்பு எண்களைக் கொண்டு அவன் அவருடைய வாட்ஸ்அப் கணக்கைக் கைப்பற்றி, அவர் கேட்பதுபோல் உற்றார் உறவினரிடம் பணம் கேட்டான்.

ஆகவே, மூன்றை மனத்தில் வையுங்கள். ஏ.பி.கே. என்று முடியும் கோப்பை, மாமன் மச்சான் அனுப்பினாலும் திறக்காதீர்கள். அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். இயங்குதளத் திருத்தம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். தவறித் திறந்துவிட்டால், இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியை அழையுங்கள். பணம் போயிருந்தால் 997 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.

பிள்ளைகளே, தாத்தா பாட்டி ஏமாந்துவிட்டால் ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்து அவர்கள் மறைக்கும் ஒவ்வொரு நிமிடமும் திருடனுக்கே லாபம்.