சோற்றுக்கு ஒரு திருவிழா
ஹாலந்தில் நடந்த இந்தோனேசியச் சந்தை

ஹாலந்து நாட்டின் ஹேக் நகர மத்திய ரயில் நிலையத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் மாலிவெல்ட் என்ற பெரிய புல்வெளி வரும். 1988 முதல் பல ஆண்டுகள் அங்கே பிரமாண்டமான கூடாரங்கள் போட்டு ஒரு விழா நடந்தது. பெயர் "பசார் மாலம் பெசார்". பசார் நமக்குத் தெரிந்த பஜார்தான். மாலம் என்றால் இரவு. பெசார் என்றால் பெரியது. பெரிய இரவுச் சந்தை என்று பொருள். 2009-ல் இதற்கு "டோங் டோங் ஃபேர்" என்று பெயர் மாற்றினார்கள்.

நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே போனவர்களை முதலில் இழுத்தது வாசனைதான். இறைச்சித் துண்டுகளைக் குச்சியில் குத்தி, கரி நெருப்பில் வாட்டி, வேர்க்கடலைக் குழம்பு ஊற்றித் தரும் "சாத்தே". மிளகாயை அரைத்த "சம்பால்". நம் அப்பளம் போல் பொரியும் "குருபுக்". பட்டை, கிராம்பு, ஏலம் போட்டு அடுக்கடுக்காகச் சுட்ட கேக். ஒரு பக்கம் பாத்திக் துணிக் கடைகள். மறுபக்கம் கமலான் வாத்திய இசை.

யார் இவர்கள்?

இந்தோனேசியா நெடுங்காலம் டச்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. 1945-ல் சுதந்திரப் பிரகடனம் செய்தது. 1949 டிசம்பரில் ஆட்சி கைமாறியது. அதன் முன்னும் பின்னுமாக, 1960-களின் நடுப்பகுதி வரை, சுமார் 3 லட்சம் பேர் ஹாலந்துக்குக் கப்பலேறினார்கள். பெரும்பாலோர் டச்சு, இந்தோனேசியக் கலப்புக் குடும்பத்தினர். "தாய்நாடு திரும்புகிறார்கள்" என்று காகிதத்தில் எழுதப்பட்டது. அவர்களில் பலர் அந்த நாட்டை அதற்கு முன் பார்த்ததே இல்லை!

சோறு கூடாது!

வந்தவர்களில் ஏராளமானவர்களை அரசு விடுதிகளில் தங்க வைத்தது. வேலை கிடைத்தவர் சம்பளத்தில் 60 சதவீதம் வரை விடுதிச் செலவுக்குப் பிடித்தார்கள். சாப்பாடு உருளைக்கிழங்கு. அறையில் சோறு பொங்கப் பல விடுதிகளில் அனுமதி இல்லை. சீக்கிரம் உள்ளூர்க்காரர்களாக மாறிவிட வேண்டும் என்பது அரசின் எண்ணம். வெளியூரில் மெஸ் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வீட்டுச் சோற்றை நினைத்துக்கொண்டவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

ஒலித்த மரம்

சாலி ராபின்சன் என்ற எழுத்தாளர் (1911-1974) இதை ஏற்கவில்லை. நம் பழக்கத்தை ஏன் ஒளிக்க வேண்டும் என்று கேட்டார். 1958-ல் "டோங் டோங்" என்ற பத்திரிகையைத் தொடங்கினார். டோங் டோங் என்பது ஜாவா கிராமங்களில் காவல் சாவடியில் தொங்கும், உள்ளே குடைந்த மரத்துண்டு. திருட்டு, தீ என்றால் அதைத் தட்டி ஊரைக் கூட்டுவார்கள். நம் சின்ன ஸ்டேஷன்களில் முன்பு வண்டி வருவதை அறிவிக்கத் தண்டவாளத் துண்டைத் தட்டினார்களே, அது போல.

வாசகர்களையே தங்கள் நினைவுகளை எழுதி அனுப்பச் சொன்னது அந்தப் பத்திரிகை. அடுத்த ஆண்டே, 1959-ல், அந்த வட்டத்தினர் ஹேக் நகரில் முதல் சந்தையைக் கூட்டினார்கள். அறைக்குள் தடுக்கப்பட்ட சோறு ஊர் நடுவே விற்பனைக்கு வந்தது. பிறகு டச்சுக்காரர்களும் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டார்கள். பல ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். கொரோனா காரணமாக 2020, 2021 ஆண்டுகளில் விழா தடைப்பட்டது.

இந்தோனேசிய மொழியில் நம் சொற்களும் உண்டு. கப்பல் அங்கே "கபால்". பெட்டி "பெத்தி". கடை "கெடை". முதல் "மோடல்". தோழன் "தோலான்". ஊரை விட்டுப் பிழைக்கப் போன நம் முன்னோர் விட்டு வந்த சொற்கள்!

கப்பலில் வந்த தலைமுறை இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் பேசுவது டச்சு மொழி. ஆனால் பெரியவர்கள் எழுதி வைத்தது அவர்கள் கையில் இருக்கிறது.

நம் சங்கங்களிலும் பொங்கல் விழா நடக்கிறது. பட்டிமன்றம், பாட்டுக் கச்சேரி எல்லாம் இருக்கட்டும். எந்த ஆண்டு, எந்த வண்டியில் வந்து இறங்கினோம், முதல் அறை வாடகை என்ன, அரிசி எங்கே வாங்கினோம் என்று மூத்தவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். அடுத்த விழாவிலேயே தொடங்கலாம்.