4 நிமிடம்தான் கிடைத்தது! போர் விமானத்தைத் திணற அடித்த பயணிகள் விமானம்

பயணிகள் விமானத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் போர் விமானம் பாதியில் திரும்பிய கதை தெரியுமா?

நடந்தது 1985-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். இடம்: இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே ஐரிஷ் கடல்.

முன்னால் போனது நியூயார்க் நோக்கிப் பறந்த கான்கார்டு. துரத்தியது பிரிட்டிஷ் விமானப்படையின் டொர்னாடோ. சண்டை எதுவும் இல்லை. கான்கார்டு ஒலியை மிஞ்சிப் பறக்கும்போது ஒரு போட்டோ எடுக்கணும். அவ்வளவுதான்!

என்ன கஷ்டம்?

கீழே இருந்து எடுத்தால் ஆகாதா? ஆகாது. ஒலியை மிஞ்சும்போது இடி மாதிரி சத்தம் கிளம்பும். அதனால் கடலுக்கு மேல் போன பிறகுதான் அந்த வேகம். உயரமோ 50 ஆயிரம் அடிக்கு மேல். கீழே இருப்பவர் கண்ணுக்குச் சின்னப் புள்ளிதான்.

கூடவே பறந்துதான் எடுக்க வேண்டும். அந்த வேகத்துக்குப் போர் விமானம் என்ஜினின் பின்பக்கம் கூடுதலாக எரிபொருளைக் கொட்டி எரிக்கணும். சில நிமிடத்தில் டாங்க் காலி!

கான்கார்டுக்கும் அந்த வசதி உண்டு. ஆனால் புறப்படும்போதும், ஒலி வேகத்தைத் தாண்டும்போதும் மட்டும் போதும். பிறகு அதை அணைத்துவிட்டு, ஒலியைப்போல 2 மடங்கு வேகத்தில் மணிக்கணக்கில் போகும். உள்ளே பயணிகள் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பார்கள்.

திரும்பியது

பாரம் குறைய டொர்னாடோவில் இருந்த சாமான்களைக் கழற்றி வைத்தார்களாம். கான்கார்டும் கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக் கொடுத்ததாம். அப்படியும் சேர்ந்து பறந்தது 4 நிமிடம்தான். எரிபொருள் மளமளவென்று இறங்கியது. கீழே கடல். டொர்னாடோ திரும்பிவிட்டது. கான்கார்டு தன் பாட்டுக்குப் போய்விட்டது.

ஆனால் படம் சிக்கிவிட்டது! எடுத்தவர் ஏட்ரியன் மெரிடித் என்ற போட்டோகிராபர். ஒலியை மிஞ்சிய வேகத்தில் கான்கார்டை எடுத்த ஒரே படம் இதுதான் என்று சொல்லப்படுகிறது.

மூக்கு ஏலம்

2000-ம் ஆண்டு ஜூலை 25-ந்தேதி பாரீஸ் அருகே ஒரு கான்கார்டு தீப்பிடித்து விழுந்தது. 113 பேர் பலி. 2003-ம் ஆண்டில் சர்வீசே நின்றுபோச்சு. அந்த டிசம்பரில் லண்டனில் கான்கார்டு பாகங்களை ஏலம் விட்டார்கள். மூக்கு மட்டும் 3 லட்சத்து 20 ஆயிரம் பவுண்டுக்குப் போனது!

மூக்கு வாங்க வசதி இல்லாதவர்கள் படம் வாங்குகிறார்கள். விமானி கையெழுத்து போட்ட படம் என்றால் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள்.

கான்கார்டுகள் இப்போது மியூசியத்தில் நிற்கின்றன. இனி எத்தனை கோடி கொட்டினாலும் அப்படி ஒரு படம் எடுக்க முடியாது. அந்த 4 நிமிடத்துக்கு இத்தனை கிராக்கி அதனால்தான்!