கையுறை ஒன்று, காத்திருப்போர் பலர்

கிரிக்கெட் அணியில் பதினொரு பேர் இருந்தாலும் எல்லா இடங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. துடுப்பாட்டக்காரர் ஐந்தாறு பேருக்கு இடமுண்டு. பந்துவீச்சாளர் நான்கைந்து பேருக்கு இடமுண்டு. அவர்களில் ஒருவருக்குத் தோளில் நோவென்றால் வெளியே இருப்பவர் உள்ளே வருகிறார். நன்றாக வீசினால் அப்படியே தங்கிவிடுகிறார். விக்கெட் காப்பாளருக்கு மட்டும் ஒரேயோர் இடம். அந்த இடத்துக்கு நல்லவர் ஒருவர் வந்து சேர்ந்துவிட்டால் பத்து வருடமானாலும் அசையமாட்டார். எனவே அணியின் இரண்டாவது விக்கெட் காப்பாளராக இருக்கும் பிள்ளையிடம், "உனக்கு மேலே போக வாய்ப்பிருக்கிறதா?" என்று வீட்டார் கேட்டால், விடையில் பாதிதான் அந்தப் பிள்ளையின் கையில் இருக்கிறது. மற்றப் பாதி முன்னால் நிற்பவரைப் பொறுத்தது.

முதலில் அந்த வேலை என்னவென்று பார்ப்போம். மெக்கெய்சர் மைதானத்திலோ ஏகாம்பரம் மைதானத்திலோ ஆட்டம் பார்க்கிறவர்களின் கண் வீசுபவரிலும் அடிப்பவரிலும்தான் இருக்கும். அடுத்த முறை ஓர் ஓவர் முழுவதும் விக்கெட்டுக்குப் பின்னால் இருப்பவரை மட்டும் கவனியுங்கள். டெஸ்ட் போட்டியில் ஒரு நாளைக்கு 90 ஓவர். அதாவது 540 பந்துகள். ஒவ்வொரு பந்துக்கும் குந்தி எழ வேண்டும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை பிடியாகவோ ஸ்டம்பிங்காகவோ முடிவதில்லை. ஆனால் எந்தப் பந்து அப்படி வரும் என்று முன்கூட்டித் தெரியாது. வேகப்பந்துக்குப் பின்னால் தள்ளி நின்றால் பார்த்துப் பிடிக்கச் சற்று நேரம் கிடைக்கும். சுழல்பந்துக்கு விக்கெட்டை ஒட்டி நிற்க வேண்டும். அங்கே துடுப்பும் அடிப்பவரின் உடம்பும் பந்தை மறைத்துவிடும். பந்து எழும்போதுதான் தானும் எழ வேண்டும். ஒரு கணம் முந்தி எழுந்தால் பந்து கைக்குக் கீழால் போய்விடும். முத்தையா முரளிதரனின் பந்துக்கு விக்கெட் காப்பது எவ்வளவு கடினம் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தக் கடினமான வேலையை மிக அழகாகச் செய்தவர் பிரசன்ன ஜயவர்தன. இலங்கை கண்ட விக்கெட் காப்பாளர்களில் கைச்சுத்தத்தில் அவருக்கே முதலிடம் என்பது என் கணிப்பு. 1979இல் பிறந்த அவர், 1998இல் இங்கிலாந்து சென்ற இலங்கைக் குழாமில் இடம்பெற்றபோது பத்தொன்பது வயதைக்கூட எட்டவில்லை. அப்போது கையுறை ரொமேஷ் களுவிதாரணவிடம் இருந்தது. 1996இல் உலகக் கிண்ணம் வென்ற அணியின் காப்பாளர் அவர். 2000 ஜூனில் கண்டியில் பாகிஸ்தானுக்கு எதிராகப் பிரசன்னவுக்கு முதல் டெஸ்ட் கிடைத்தது. அந்த ஆட்டத்தை மழை கெடுத்தது. அடுத்த மாதமே காலியில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக ஓர் இளைஞர் அறிமுகமானார். பெயர் குமார் சங்கக்கார. அவருக்கு விக்கெட் காக்கவும் தெரியும், ஓட்டங்களைக் குவிக்கவும் தெரியும். அப்படிப்பட்ட ஒருவர் முன்னால் வந்துவிட்டால் பின்னால் இருப்பவர் என்னதான் செய்வது?

பிரசன்ன ஆறு வருடம் பெரும்பாலும் வெளியேதான் இருந்தார். 2006இல்தான் நிலைமை மாறியது. நாள் முழுக்கக் குந்தி எழுந்துவிட்டு மூன்றாவது ஆளாகத் துடுப்பெடுத்தாட இறங்குவது சங்கக்காரவின் ஆட்டத்தைத் தின்கிறது என்று அணி கருதியது. டெஸ்டில் கையுறை பிரசன்னவிடம் போனது. அந்த ஜூலையில் எஸ்.எஸ்.சி. மைதானத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராகச் சங்கக்கார 287 ஓட்டங்கள் எடுத்தார். மஹேல ஜயவர்தனவுடன் சேர்ந்து 624 ஓட்ட இணைப்பாட்டம். சங்கக்காரவின் டெஸ்ட் சராசரியைப் பிரித்துப் பார்த்தால் கணக்கு இன்னும் தெளிவாகும். விக்கெட் காத்த ஆட்டங்களில் ஏறத்தாழ 40. காக்காத ஆட்டங்களில் 66க்கு மேல். ஒருவர் கையுறையைக் கழற்றியதில் இரண்டு பேருக்கு வாழ்வு கிடைத்தது. பிரசன்ன 58 டெஸ்ட் ஆடினார், நான்கு சதங்கள் அடித்தார். 2009இல் அகமதாபாத்தில் மஹேலவுடன் ஆறாவது விக்கெட்டுக்கு 351 ஓட்டங்கள் சேர்த்தபோது இவருடைய பங்கு ஆட்டமிழக்காமல் 154. ஒருநாள் போட்டிகளிலோ கையுறை சங்கக்காரவிடமே இருந்தது. அதனால் பிரசன்ன ஆடிய ஒருநாள் போட்டிகள் வெறும் ஆறு!

கடலுக்கு அக்கரையிலும் இதே கதைதான். சென்னையில் பிறந்தவர் சையத் கிர்மானி. 1971இலும் 1974இலும் இந்திய அணியோடு இங்கிலாந்து போனார்; இரண்டு முறையும் பாரூக் எஞ்சினியருக்கு அடுத்த ஆள். முதல் டெஸ்ட் 1976 ஜனவரியில் ஒக்லாந்தில். பிறகு 88 டெஸ்ட் ஆடி, 1983 உலகக் கிண்ண அணியிலும் இருந்தார். அவர் இருந்த காலத்தில் சென்னைக்காரர் பரத் ரெட்டிக்குக் கிடைத்தது 1979இல் இங்கிலாந்தில் நான்கு டெஸ்ட் மட்டுமே. காத்திருந்தவர் உள்ளே வந்ததும் அவரே இன்னொருவரைக் காத்திருக்க வைக்கும் தடையாகிவிடுகிறார். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

தினேஷ் கார்த்திக்கின் கதை நம்மவர்களுக்கு ஓரளவு தெரிந்ததுதான். 2004 செப்டெம்பரில் லோர்ட்ஸில் முதல் ஒருநாள் போட்டி, நவம்பரில் மும்பையில் முதல் டெஸ்ட். அப்போது வயது பத்தொன்பது. அதே டிசெம்பரில் மகேந்திர சிங் தோனி வந்தார். 2005இல் தோனியின் முதல் டெஸ்ட் நடந்தது எங்கே தெரியுமா? கார்த்திக்கின் சொந்த ஊரான சென்னையில், இலங்கைக்கு எதிராக. அதன் பின் கார்த்திக் செய்ததைத்தான் மாணவிகள் கவனிக்க வேண்டும். கையுறை கிடைக்காது என்று தெரிந்ததும் ஆரம்பத் துடுப்பாட்டக்காரரானார். 2007இல் இங்கிலாந்தில் இந்தியா டெஸ்ட் தொடரை வென்றபோது இந்தியர்களில் அதிக ஓட்டங்கள் எடுத்தவர் அவரே. விக்கெட்டுக்குப் பின்னால் நின்றவர் தோனி. 2010க்குப் பிறகு மறுபடி வெளியே. அடுத்த டெஸ்ட் 2018 ஜூனில். இடையில் அவர் இல்லாமல் இந்தியா ஆடிய டெஸ்ட் 87.

அதே 2018இல் மார்ச் 18ஆம் திகதி கொழும்பு பிரேமதாச மைதானத்தில் சுதந்திரக் கிண்ண இறுதிப் போட்டி. தோனிக்கு ஓய்வு கொடுத்திருந்ததால் விக்கெட் காத்தவர் கார்த்திக். பங்களாதேஷை வெல்ல 12 பந்துகளில் 34 தேவைப்பட்டபோது களமிறங்கி, எட்டே பந்துகளில் 29 எடுத்தார். கடைசிப் பந்தில் 5 தேவை, அடித்தது ஆறு. பதினான்கு வருடக் காத்திருப்பின் பின் கிடைத்த எட்டுப் பந்துகள்!

காத்திருக்காமல் இடம் மாறியவரும் உண்டு. அவுஸ்திரேலியாவின் அடம் கில்கிறிஸ்ட்டுக்குச் சொந்த மாநிலமான நியூ சவுத் வேல்ஸ் அணியிலேயே கையுறை கிடைக்கவில்லை. 1994இல் நாட்டின் மறுகரையிலுள்ள மேற்கு அவுஸ்திரேலியாவுக்குப் போனார். தேசிய அணியில் இயன் ஹீலி 119 டெஸ்ட் ஆடி ஓய்வு பெற்ற பிறகுதான், 1999 நவம்பரில், 28 வயதை எட்டச் சில நாட்கள் இருக்கையில் இவருக்கு முதல் டெஸ்ட். பிறகு இடைவிடாமல் 96.

அமெரிக்காவின் பேஸ்போல் ஆட்டத்தில் இந்த நெருக்கடி இன்னும் பெரிது. அங்கே குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவரைக் கெச்சர் என்பார்கள். உச்ச மட்டத்தில் 30 அணிகள். ஒவ்வொன்றிலும் 26 பேர். அவர்களில் கெச்சர்கள் வழமையாக இருவர். அதாவது நாடு முழுவதற்கும் சுமார் அறுபது இடம். கீழே நான்கு படிநிலைகளில் 120 அணிகளில் இளைஞர்கள் அந்த அறுபது இடங்களைப் பார்த்தபடி ஆடுகிறார்கள். கில்கிறிஸ்ட் தானாக மாறினார். அங்கே அணிகளே ஆளை மாற்றிக்கொள்கின்றன. ஓர் அணியில் வழியடைத்து நிற்பவர் இன்னோர் அணியில் இல்லை.

இனி நம் பக்கம். 2024 ஜூலையில் தம்புள்ளையில் இந்தியாவை 8 விக்கெட்டுகளால் வென்று மகளிர் ஆசியக் கிண்ணத்தைத் தூக்கிய அணியின் விக்கெட் காப்பாளர் அனுஷ்கா சஞ்ஜீவனி. அவருக்கு முன் பல வருடம் டிலானி மனோதரா அந்த இடத்தில் நின்றார். பெண்களுக்கான சர்வதேசப் போட்டிகள் ஆண்களுடையதைவிடக் குறைவு என்பதால், காத்திருக்கும் பெண்ணுக்குத் தன்னைக் காட்டக் கிடைக்கும் நாட்களும் குறைவு.

ஆகவே கையுறை மாட்டும் மகளை வைத்திருக்கும் பெற்றோர் கேட்க வேண்டியது "தெரிவாவாளா?" என்பதைவிட வேறு சில கேள்விகள். அவள் துடுப்பாட்டத்துக்காக மட்டும் அணியில் இடம் பெறக்கூடியவளா? இன்று பெரும்பாலான அணிகள் முதலில் பார்ப்பது அதைத்தான். சுழல்பந்துக்கு விக்கெட்டை ஒட்டி நிற்கப் பயப்படுகிறாளா? வாரத்தில் எத்தனை பந்து பிடிக்கிறாள்? ஆட்டத்தில் இடமில்லாதவளுக்குப் பயிற்சியிலும் பந்து குறைந்துவிடுவது வழமை. அதற்கு ஒரு டெனிஸ் பந்தும் வீட்டுச் சுவரும் போதும். சுவரில் எறிந்து, திரும்பி வருவதைக் குந்தியிருந்து இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும்; பிறகு இடது கையால் மட்டும், பிறகு வலது கையால் மட்டும். அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில் இருநூறு பந்து பிடித்துவிடலாம். அடுத்த வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.