நெஞ்செரிச்சலுக்கு அறுவை சிகிச்சை: யாருக்கு, எப்போது, அதன்பின் எப்படி?

சாத்தூரை அடுத்த அச்சங்குளத்திலிருந்து அம்மையார் ஒருவர் தம் மகளுடன் எங்களிடம் வந்தார். பட்டாசு ஆலையில் பல ஆண்டுகளாகத் திரி வைக்கும் வேலை. நாள் முழுவதும் தரையில் அமர்ந்து குனிந்தபடியே செய்யவேண்டிய வேலை அது. குனியும்போதெல்லாம் புளித்த நீர் தொண்டைவரை ஏறி வருகிறது. இரவில் இருமி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. “மாத்திரை தின்னு தின்னு அலுத்துப்போச்சு டாக்டர், ஆபரேசன் பண்ணி விட்ருங்க” என்றார். மகளோ, “கத்தி வைக்காமல் சரியாகாதா?” என்று கேட்டார். இருவர் கேள்வியும் நியாயமானதே. இதே கேள்விகளோடு வருவோர் பலர் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறோம்.

உணவுக்குழாய், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் உள்ள ஒரு துளை வழியாக இறங்கி இரைப்பையுடன் சேர்கிறது. சேரும் இடத்தில் வளையம்போன்ற தசை ஒன்று உண்டு. விழுங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்வது அதன் வேலை. இத்தசை தளர்ந்தாலோ, உதரவிதானத் துளை அகன்று இரைப்பையின் மேற்பகுதி மார்புக்குள் ஏறிவிட்டாலோ, அமிலம் மேலே வருகிறது. இரைப்பை ஏறிவிடும் அந்த நிலையை ‘ஹயாட்டஸ் ஹெர்னியா’ என்கிறோம். வயிறு நிறைய எண்ணெய்ப் பரோட்டா உண்டுவிட்டு உடனே படுப்பது, உடற்பருமன், புகைபிடித்தல் ஆகியவை இதனை மிகுவிக்கும்.

பேண்டோபிரசோல், ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகள் அமிலச் சுரப்பைக் குறைக்கின்றன. தளர்ந்த வளையத்தை அவை இறுக்குவதில்லை. ஆகவே எரிச்சல் தணிந்தாலும் எதுக்களிப்பு தொடரக்கூடும். அறுவை சிகிச்சையின் தேவை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் எழுகிறது.

ஆயினும் அதற்கு முன் ஒன்று கேட்போம்: மாத்திரையை எப்போது விழுங்குகிறீர்கள்? அவ்வம்மையார் விடியற்காலையில் தேநீரும் பலகாரமும் முடித்து, ஆலைப் பேருந்துக்குக் காத்திருக்கும்போது விழுங்கியிருக்கிறார். இம்மாத்திரைகள் இரைப்பைச் சுவரிலுள்ள அமிலச் சுரப்பு இயந்திரங்கள் இயங்கத் தொடங்கும்போதே அவற்றைப் பிடித்து நிறுத்துகின்றன. உணவு வந்ததும் அவை இயங்கும். எனவே உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பே மருந்தை விழுங்கிவிட வேண்டும். ஆலையில் ‘மருந்து’ அளக்கும்போது காட்டும் கவனத்தை இந்த மருந்திலும் காட்டுங்கள் என்று நாங்கள் சொல்வதுண்டு.

இது சிறிய செய்தியன்று. மாத்திரைக்கு அடங்காத நெஞ்செரிச்சல் என்று அனுப்பப்பட்ட 366 பேரை அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் ஆராய்ந்து, முடிவை 2019இல் வெளியிட்டன. முதலில் இரண்டு வாரம் ஒமிப்ரசோலை முறைப்படி கொடுத்தார்கள். 42 பேருக்கு அதுவே போதுமானதாயிற்று. சோதனைகளுக்குப் பின், 99 பேருக்கு எரிச்சலுக்குக் காரணம் அமிலமே அன்று என்று தெரிந்தது. பலவகையாக விலக்கியபின் எஞ்சிய 78 பேரே சிகிச்சை ஒப்பீட்டுக்குத் தகுதி பெற்றனர். அவர்களுள் அறுவை செய்துகொண்டோரில் 67 விழுக்காட்டினர் நலம் கண்டனர். கூடுதல் மருந்துகள் பெற்றோரில் அது 28 விழுக்காடே. சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு அறுவை பெரும்பயன் தருகிறது. ஆனால் தேர்ந்தெடுக்கப்படத் தக்கவர் சிலரே.

ஆகவே கீழ்வரும் சோதனைகளைச் செலவு என்று எண்ணித் தவிர்க்க வேண்டாம். எண்டோஸ்கோப்பி உணவுக்குழாயின் புண்ணையும் ஹெர்னியாவையும் காட்டும். மூக்கு வழியே மெல்லிய குழாய் செலுத்தி 24 மணி நேரம் அமில அளவைப் பதிவுசெய்யும் சோதனை, எரிச்சலுக்கு அமிலம்தான் காரணமா என்று சொல்லும். மேனோமெட்ரி என்பது விழுங்கும் தசையின் விசையை அளப்பது. அத்தசை மிக வலுவிழந்திருந்தால் இறுக்கமான அறுவை உணவையே தடுத்துவிடும். அண்மையில் வந்த மற்றொருவருக்கு இச்சோதனையில்தான் ‘அக்கலேசியா’ என்னும் வேறு நோய் இருப்பது தெரிந்தது. அவருக்கு நெஞ்செரிச்சல் அறுவை செய்திருந்தால் தீங்கே விளைந்திருக்கும். மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். நடக்கும்போது மார்பு இறுகுதல், வியர்த்தல், இடக்கை வலி ஆகியவற்றை ‘வாயு’ என்று சொல்லிச் சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். முதலில் ஈ.சி.ஜி. எடுங்கள்.

அறுவையில் செய்வது இதுதான்: மேலேறிய இரைப்பையைக் கீழே இழுத்து, அகன்ற துளையைத் தைத்துக் குறுக்கி, இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயின் அடிப்பகுதியைச் சுற்றி மடித்துத் தைக்கிறோம். முழுவதும் சுற்றும் முறையை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ருடால்ஃப் நிசன் 1956இல் வெளியிட்டார். பகுதியளவே சுற்றும் முறைகளும் உள்ளன. 1991 முதல் இது லேப்ராஸ்கோப்பி மூலம் சிறு துளைகள் வழியே செய்யப்படுகிறது.

பலனை மிகைப்படுத்திச் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. ஐரோப்பாவில் மருந்தையும் அறுவையையும் ஐந்தாண்டு ஒப்பிட்டு 2011இல் வெளியிட்ட ஆய்வில், இரு பிரிவினருமே பெரும்பாலும் நலமாக இருந்தனர்: மருந்தில் 92, அறுவையில் 85 விழுக்காடு. எதுக்களிப்பு மருந்துப் பிரிவில் 13 விழுக்காட்டினருக்கும் அறுவைப் பிரிவில் 2 விழுக்காட்டினருக்கும் இருந்தது. விழுங்குவதில் சிரமமோ 5க்கு 11. காற்றுப் பிரிதல் 40க்கு 57. ஸ்வீடனில் அறுவை செய்துகொண்ட 2,655 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், சுமார் 18 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. அவர்களில் பெரும்பாலோர் மீண்டும் மாத்திரைக்கே சென்றனர். ஆகவே, மாத்திரையால் முழு நிம்மதி பெறுபவர் அறுவைக்கு விரையவேண்டியதில்லை. சரியாக மருந்துண்டும் எதுக்களிப்பு நிற்காதவர், பெரிய ஹெர்னியா உள்ளவர், மருந்து ஒத்துக்கொள்ளாதவர் ஆகியோரே எங்களுடன் அமர்ந்து பேசவேண்டியவர்கள்.

அந்த அம்மையாருக்கு மாத்திரையை முறைப்படுத்தியதும் எரிச்சல் பாதியாகக் குறைந்தது. குனிந்தால் வரும் புளிநீர் நிற்கவில்லை. சோதனைகளும் அதனை உறுதிசெய்தன. அவருடைய உண்மையான தயக்கம் கத்தியைப் பற்றியதாக இல்லை. வேலைக்குப் போகாத நாள்களின் கூலியைப் பற்றியது. இதனைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள தொழிலாளர், ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள்களுக்குப் பங்களிப்புச் செலுத்தியிருந்தால், நோய்க்கால உதவியாகச் சராசரிக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்கள்வரை பெறலாம். ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று தேவை. அறுவைத் தேதியைக் குறிக்கும் முன்பே சிவகாசி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் விசாரியுங்கள். மற்றவர்கள் முதலமைச்சர் காப்பீட்டுப் பிரிவிலும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் இரைப்பை குடல் அறுவைத் துறையிலும் கேட்டறியலாம்.

வீடு திரும்பியபின் கஞ்சி, வடிகட்டிய சூப், மோர். அடுத்துக் குழைந்த சோறும் பருப்பும், பாலில் ஊறிய இட்லியும். தைத்த இடம் வீங்கியிருப்பதால் முதல் சில வாரங்கள் உணவு நெஞ்சில் நிற்பதுபோல் தோன்றும். பெரும்பாலும் தானே சரியாகும். காரச்சேவு, பரோட்டா, இறைச்சித் துண்டு ஆகியவற்றுக்கு ஆறு வாரமாவது பொறுங்கள். கோலிசோடாவையும் பன்னீர்சோடாவையும் அறவே விடுங்கள், ஏனெனில் முன்போல் ஏப்பம் வராது. உள்ளே சென்ற காற்று கீழ்வழியாகவே வெளியேறும். வீட்டார் இதைக் கேலி செய்யாதிருப்பது நல்லது. தோள்பட்டையில் வரும் வலி, அறுவையின்போது செலுத்திய வாயுவால் ஆனது. சில நாளில் போய்விடும். கனமான பெட்டி, தண்ணீர்க்குடம் தூக்குவதை நான்கு முதல் ஆறு வாரம் தவிர்க்கவும்.

காய்ச்சல், மூச்சுத்திணறல், கடும் மார்புவலி, ஓங்கரிப்பு, தண்ணீரும் இறங்காமை, கறுத்த மலம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் மறுநாள்வரை காத்திராமல் வந்துவிடுங்கள். சுற்றித் தைத்தபின் வாந்தி எடுப்பது கடினம். ஓங்கரிப்பு தையலைக் கிழிக்கக்கூடும்.

அவ்வம்மையார் ஏழாம் வாரம் வேலைக்குத் திரும்பினார். இப்போதும் திருமண விருந்தில் பாதி இலையோடு எழுந்துவிடுவதாகவும், அதற்கு உறவினர் கோபிப்பதாகவும் சொல்கிறார். இரவில் இருமல் இல்லை. முதன்முறை வருவோர் தாம் உண்ணும் மாத்திரை அட்டையையும், எத்தனை மணிக்கு உண்கிறோம் என்ற குறிப்பையும், பழைய எண்டோஸ்கோப்பி அறிக்கையையும் உடன் கொண்டுவரவும்.