நன்றி சொல்லலும் நன்றி அறிதலும்

கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கும் நாட்களில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளுக்கு ஒரு தனிக்களை வந்துவிடும். மூன்றாம் தவணைப் பரீட்சை முடிந்திருக்கும். ஆசிரியர்கள் ஒரு புறம் விடைத்தாள் கட்டுகளோடு இருப்பார்கள். பிள்ளைகள் மறு புறம் ஒளி விழாவுக்குப் பாட்டுப் பழகுவார்கள். சைவப் பாடசாலையென்றால் கார்த்திகை மகத்தில் நாவலர் குருபூசை நடந்திருக்கும். மேல்வகுப்பு மாணவரிடையே ஒட்டோகிராப் கொப்பிகள் கைமாறும். தைமாதத்தில் தொடங்கி மார்கழியில் முடியும் இந்த ஒழுங்கு, கோவிட் காலத்தில் சில ஆண்டுகள் தடம் புரண்டது உண்மை. ஆயினும் எங்கள் மனத்தில் பாடசாலை ஆண்டு என்றால் மழையோடு முடிகிற ஆண்டுதான்.

இக்கூட்டங்கள் எல்லாவற்றிலும் தப்பாமல் இடம்பெறுவது நன்றியுரை. பிரதம விருந்தினருக்கு நன்றி, அனுசரணையாளருக்கு நன்றி, ஒலிபெருக்கி தந்தவருக்கு நன்றி, பெற்றாருக்கும் நலன்விரும்பிகளுக்கும் நன்றி. அதை வாசிக்கிற மாணவன் பாவம். சபையில் பாதிப்பேர் அதற்குள் எழுந்து செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். நன்றியுரையை முழுமையாகக் கேட்பவை பெரும்பாலும் கதிரைகள்தாம்.

இலக்கியம் பேச வந்த இடத்தில் பாடசாலைக் கூட்டம் எதற்கு என்று நேயர்கள் எண்ணக்கூடும். காரணம் ஒரு சொல். திருக்குறளின் பதினோராம் அதிகாரத்துக்குச் ‘செய்ந்நன்றியறிதல்’ என்று பெயர். நாம் இன்று ‘நன்றி’ என்றால் நாவால் சொல்லும் ஒரு வார்த்தை என்று கொள்ளுகிறோம். வள்ளுவரிடத்தில் நன்றி என்பது நன்மை; ஒருவர் எமக்குச் செய்த நன்மை. அதை ‘அறிதல்’ எம்முடைய வேலை. அந்தப் பத்துக் குறளையும் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நினைத்தல் உண்டு, மறவாமை உண்டு, உதவியின் அளவை எதைக்கொண்டு மதிப்பது என்ற ஆராய்ச்சி உண்டு. நன்றி ‘சொல்லுதல்’ என்ற பேச்சே இல்லை. ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று பட்டியல் வாசிக்கும் வழக்கம் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தோடு வந்த வழக்கம். அது தவறென்று கூறவரவில்லை. சொல்லுதல் வந்தபின் அறிதல் சற்றுப் பின்னே போய்விட்டதோ என்பதுதான் ஐயம்.

இதே சொல்லமைப்பு, எம்மோடு எவ்விதத் தொடர்புமில்லாததுபோலத் தோன்றும் வேறோர் இனத்தாரிடமும் இருக்கிறது. யூதர்கள் நன்றியுணர்வை எபிரேய மொழியில் ‘ஹக்காரத் ஹதோவ்’ என்பார்கள். ‘தோவ்’ என்றால் நன்மை. ‘ஹக்காரா’ என்றால் இனங்காணல், அறிதல். சேர்த்துப் பார்த்தால் நன்மையை அறிதல். செய்ந்நன்றியறிதலை ஒருவர் எபிரேயத்தில் பெயர்த்தால் இதைவிடப் பொருத்தமாக வேறொன்று அமையாது.

யூதச் சிறுவர்க்கு இதைப் பாடமாகச் சொல்லும்போது ஆசிரியர்கள் எடுத்துக்காட்டும் ஒரு கதை உண்டு. எகிப்து நாட்டில் நைல் நதி இரத்தமாக மாறிய கதையை விவிலியம் அறிந்தவர்கள் அறிவார்கள். கோலை ஓங்கி நதியை அடித்தவன் மோசே அல்லன், அவனுடைய தமையன் ஆரோன். ஏன் மோசே அடிக்கவில்லை? அந்தப் பழைய ஞானிகள் தரும் விளக்கம் இதுதான். குழந்தையாக இருந்தபோது மோசேயைக் கூடையில் வைத்து மிதக்கவிட்ட இடம் அந்த நதி. தன்னைக் காத்த நீரைத் தானே அடிக்கலாகாது என்பதனாலே அந்த வேலை ஆரோனிடம் ஒப்படைக்கப்பட்டது. நதிக்கு உயிருமில்லை, அவமானமுமில்லை. நன்றியறிதல் பெறுகிறவனுக்காக ஏற்பட்டதன்று, அறிகிறவனுக்காக ஏற்பட்டது என்பதற்கு இதைவிட நேரான உவமை எனக்குத் தெரியாது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்று எங்கள் பாட்டிமார் சொன்னதும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்ததே.

யூதர்கள் தங்கள் பிள்ளைகளுக்கென்று நடத்தும் முழுநாட் பாடசாலைகளைப் பற்றி இவ்விடத்தில் சிறிது சொல்லவேண்டும். காலையில் மறைநூலும் எபிரேயமும், பின்னர் கணிதமும் விஞ்ஞானமும் நாட்டு மொழியும் என்று இரண்டு கல்வியையும் ஒரே கூரையின் கீழ் கொடுப்பவை அவை. இவ்வகைப் பாடசாலைகளுக்கு முன்மாதிரிகளில் ஒன்றாகச் சொல்லப்படுவது சாம்சன் ரபேல் ஹிர்ஷ் என்ற மதகுரு ஜெர்மனியின் பிராங்பேட் நகரில் 1853இல் திறந்த பள்ளி. புதிய கல்வி பிள்ளைகளை இழுத்துப் போகிறது. அதைத் தள்ளிவைத்தால் பிள்ளைகளும் போவார்கள். அதை எடுத்துக்கொண்டு சமயக் கல்வியோடு சேர்த்துக் கொடுப்போம் என்பது அவர் எண்ணம். ஆண்டைக் கவனியுங்கள். அதற்கு ஐந்து ஆண்டுகள் முந்தி, 1848இல், வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியிருந்தார். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர், ஒரே நெருக்கடிக்கு ஒரே விடையைக் கண்டிருக்கிறார்கள்.

அப்பாடசாலைகள் பலவற்றில் ஆண்டு ஆனி மாதமளவில் முடிகிறது. அந்த ஆண்டில் கற்றது என்ன, யாரால் கற்றோம் என்று பிள்ளைகள் எழுதுவதும் பேசுவதும் அங்கும் வழக்கம். ஆனால் என் மனத்தைக் கவர்ந்தது யூத மரபில் உள்ள மிகப் பழைய வேறொரு சடங்கு. தல்மூத் என்னும் பெருநூலின் ஒரு பகுதியைப் படித்து முடித்தால் அதை ஒரு விழாவாகக் கொண்டாடுகிறார்கள். ‘சியூம்’ என்று அதற்குப் பெயர். முடிவு என்பது பொருள். அன்று விருந்து உண்டு. அதைவிட முக்கியமானது, படித்தவர் அந்த நூற்பகுதியை முன்னிலைப்படுத்திப் பேசும் ஒரு வாசகம். உன்னிடம் மீண்டும் வருவேன், நீயும் என்னை மறவாதிரு என்ற கருத்து அமைந்தது அது. ஆசிரியர்களுக்கும், அவர்களின் மாணவர்களுக்கும், அந்த மாணவர்களின் மாணவர்களுக்கும் நலம் வேண்டும் ஒரு பிரார்த்தனையும் தொடரும். நூலுக்கு விடைகொடுத்தல்! பரீட்சை முடிந்த அன்றே புத்தகத்தைக் கட்டி மூலையில் போடுகிற எங்கள் பிள்ளைகளுக்கு இது விந்தையாகத் தோன்றும்.

எங்கள் தாத்தாமாருக்குத் தோன்றியிராது. குடாநாட்டுக் கோயில்களில் கந்தபுராணப் படிப்பு என்று ஒன்று நடந்துவந்ததை அறியாதவர் எவர்? ஒருவர் படிப்பார், மற்றொருவர் பயன் சொல்லுவார். நாட்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் நடக்கும். வள்ளியம்மை திருமணப் படலத்தோடு படிப்பு நிறைவெய்தும் நாள் ஊருக்கே திருநாள். ஏட்டுக்குப் பூசை செய்து, படித்தவருக்கும் பயன் சொன்னவருக்கும் வேட்டி சால்வை வழங்கி உபசரிப்பார்கள். அங்கே ‘நன்றி’ என்ற சொல்லை எவரும் உச்சரித்ததாக நினைவில்லை. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைக் ‘கந்தபுராண கலாசாரம்’ என்றபோது அவர் மனத்தில் நின்றது இந்தத் திண்ணைதான் என்று நினைக்கிறேன்.

யூதரின் மறைநூலுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வேறொரு நேரடி உறவும் இருக்கிறது. அதுதான் நன்றி பற்றிய எங்கள் உள்ளூர் வழக்கில் கடினமான வழக்கு. கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று சொல்வது யூதரின் மறைநூலே. நன்றிப் பாடல்கள் நிறைந்த சங்கீதங்களும் அதில் அடக்கம். அந்த நூலையும் புதிய ஏற்பாட்டையும் சேர்த்துத் தமிழாக்கும் வேலை, வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் தலைமையில் நடந்தது. அதில் அவருக்குத் துணைநின்ற தமிழறிஞர், அவருடைய பாடசாலையில் படித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்த ஆறுமுகம் என்ற இளைஞர். பின்னாளில் நாவலர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் அச்சில் வந்தது.

1847 டிசம்பர் 31, ஆண்டின் கடைசி நாள், வெள்ளிக்கிழமை. அன்று வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் ஆறுமுகம் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அப்போதும் அவர் பேர்சிவலிடம் ஊழியம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு விலகினார். அதன்பின் அவர் மிஷனரிமாரை எதிர்த்து எழுதியவற்றின் வேகம் எல்லோருக்கும் தெரிந்ததே.

அப்படியானால் நாவலர் நன்றி மறந்தவரா? இக்கேள்வியைக் கேட்டால் எங்களிற் பலருக்குக் கோபம் வரும். கோபம் வேண்டாம், அவர் செய்தவற்றை வரிசையாகப் பாருங்கள். வகுப்பு வகுப்பாகப் பிரித்துப் படிப்பிக்கும் முறை, படிமுறையாக அமைந்த பாலபாடங்கள், அச்சியந்திரம், குறியீடுகளிட்ட தெளிவான வசனநடை, வாரந்தோறும் கூட்டத்துக்கு முன் நின்று செய்யும் பிரசங்கம். இவை ஒவ்வொன்றும் மிஷன் வளவில் அவர் கண்டு, எடுத்து, தம்முடையதாக்கிக்கொண்டவை. தாம் பெற்றதன் பெறுமதியை அவரைப்போல அறிந்தவர் அக்காலத்தில் வேறொருவரில்லை. கொள்கையை எதிர்த்தார், கற்ற வித்தையை எறிந்துவிடவில்லை. ‘அறிதல்’ என்ற சொல்லுக்கு உரிய முழுப்பொருளில் இது நன்றியறிதலே என்பது என் கட்சி. நாவலர் குருபூசைப் பேச்சுக்களில் பேர்சிவலின் பெயர் எதிரியாக மட்டும் வந்துபோவதுண்டு. அது நாவலர் செய்த குறையன்று, எங்கள் குறை.

இனி, பட்டியலில் வராதவர்கள். 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றியது. மக்கள் ‘இந்து போர்ட்’ என்றே அழைத்த அந்தச் சங்கத்தின் வழியாக சு. இராசரத்தினம் நூற்றுக்கும் மேற்பட்ட பாடசாலைகளை வளர்த்தெடுத்தார். 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அவற்றைக் கட்டுவதற்குக் கல்லும் மணலும் சுமந்தவர்களின் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. அந்த மார்கழியில் வலிகாமத்துப் பாடசாலைகளுக்கு ஆண்டிறுதி என்று ஒன்று இருக்கவில்லை. தேர்ச்சி அறிக்கை இல்லை, வகுப்பேற்றம் இல்லை, நன்றியுரையும் இல்லை. தென்மராட்சிப் பாடசாலைகளின் வகுப்பறைகளில் மேசைகளை ஓரமாக அடுக்கி, குடும்பம் குடும்பமாக மக்கள் படுத்தார்கள். தங்கள் பிள்ளைகளின் படிப்பு நிற்க, அவ்வூரார் அந்த அறைகளைத் திறந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு சித்திரையில் மக்கள் திரும்பத் தொடங்கியபோது அவசரம் அவசரமாகவே திரும்பினார்கள். வலிகாமத்து வேலிகள், கூரைகள், கிணறுகள் என்ன ஆயினவோ என்ற பதற்றம். அன்று சொல்லப்படாத அந்த நன்றியுரையை எழுதுவதற்குரிய வயதில் இன்று பலர் இருக்கிறார்கள்.

இன்னொரு புறமும் உண்டு. எங்கள் சைவப் பாடசாலைகள் நெடுங்காலம் எல்லாச் சைவப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறக்கவில்லை. 1930ஆம் ஆண்டளவில், உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்ற கட்டளை வந்தபோது, வாங்கிலே ஒன்றாக இருத்த மனமில்லாதவர்கள் எதிர்த்தார்கள். பாடசாலைகள் எரிந்ததும் அக்காலத்தில்தான். மண்ணில் இருத்தப்பட்ட பிள்ளையிடம் ஆண்டிறுதியில் நன்றியுணர்வை எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

நான் சிறுவனாய்ப் படித்த பாடசாலையின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். 1960ஐ ஒட்டிய காலம். வாங்கு சமமாகியிருந்தது, கிணறு ஆகவில்லை. தண்ணீர் குடிக்கப் போனால் நாங்கள் வாளியை இழுப்போம். சிலர் தள்ளி நின்று கையை ஏந்துவார்கள், யாராவது ஊற்றவேண்டும். எங்கள் தமிழ் வாத்தியார் ஆண்டின் கடைசி நாளில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கொப்பியின் கடைசிப் பக்கத்தில், இந்த ஆண்டில் உங்களுக்கு யார் என்ன நன்மை செய்தார்கள் என்று எழுதச் சொல்லுவார். ஆசிரியர்மாரின் பெயர் எழுதக்கூடாது. அது முகத்துதி என்பார். நாங்கள் அம்மா, மாமா, பந்து வாங்கித் தந்த அண்ணை என்று எழுதினோம். வாத்தியார் ஒவ்வொன்றாக எடுத்து உரத்து வாசித்து, எழுத்துப்பிழைக்குக் காதைத் திருகினார்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான். சித்திரையில் ஒருநாள் மத்தியானம் தனக்குத் தண்ணீர் ஊற்றியவனின் பெயர். அந்த ஒரு நாள் மட்டும். வாத்தியார் அதைக் கண்ணால் வாசித்தார். கொப்பியை மூடி, ஒன்றும் சொல்லாமல் அவனிடமே கொடுத்தார். அந்தப் பெயர் என்னுடையதன்று. நான் அந்த ஆண்டு முழுவதும் அவனுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன்.