இயங்க மறுக்கும் நீரிறைக்கும் எஞ்சின்: காரணமும் பரிகாரமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கற் பாறையினுள் இறங்கித் தங்கும் நீரைக் கிணற்றிலிருந்து இறைத்தே இங்குள்ள கமக்காரர் தோட்டஞ் செய்கின்றனர். முற்காலத்தில் துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடிக்க ஒருவர், பாத்திக்குத் தண்ணீர் மாற ஒருவர் எனப் பலர் கூடிச் செய்த இறைப்பை, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து எஞ்சின் ஏற்றுக்கொண்டது. இன்று மின்பம்பிகள் பெருகியுள்ளன. எனினும் மின்கம்பி எட்டாத தறைகளிலும் வயல்களிலும், பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் சிறு எஞ்சினே கமக்காரருக்குத் துணையாகும்.

இவ்வெஞ்சின் இறைப்பு நாளன்று கிளம்பாதுவிடின் நேரும் நட்டம் சிறிதன்று. வெங்காயத்தின் வேர் ஆழமாகச் செல்வதில்லை. குமிழ் பருக்கும் காலத்தில் நீர் தவறினால் குமிழ் சிறுத்துவிடும். மிளகாய் பூவையும் பிஞ்சையும் உதிர்க்கும். மழையை நம்பி விதைத்த நெல்லும், கதிர் வெளிவரும் வேளையில் மழை பொய்த்தால், அயற் கிணற்று நீராலேயே காப்பாற்றப்படல் வேண்டும். அவ்வேளையில் எஞ்சினைத் திருத்துமிடத்திற்குக் கொண்டுசென்று காத்திருக்கும் நாட்கள் பயிருக்குக் கேடாய் முடியும். ஆயினும் கிளம்பாத எஞ்சின்களுட் பல, உண்மையிற் பழுதடைந்தவை அல்ல. அவற்றின் குறையைக் கமக்காரரே கண்டறிந்து நீக்கலாம்.

மண்ணெண்ணெய் எஞ்சினின் இயல்பு

பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெய் அவ்வாறன்று, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னரே அது வேண்டிய அளவு ஆவியாகி எரியும். இக்காரணம் பற்றியே இத்தகைய எஞ்சினுக்குப் பெற்றோலுக்கெனச் சிறு தாங்கியும், மண்ணெண்ணெய்க்கெனப் பெரிய தாங்கியும் அமைக்கப்பட்டுள்ளன. பெற்றோலிற் கிளப்பிச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, எஞ்சின் சூடான பின்னர் மண்ணெண்ணெய்க்குத் திருப்புதல் முறையாகும்.

கிளப்பும் முறையைப் பெரும்பாலோர் அறிவர். நிறுத்தும் முறையிலேயே தவறுகின்றனர். மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை அப்படியே நிறுத்தினால், காபரேற்றரின் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். மறுநாட் காலையில் குளிர்ந்த எஞ்சினுள் முதலிற் செல்வது அம்மண்ணெண்ணெயே. அது ஆவியாகாது பிளக்கை நனைக்கும். பின்னர் எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் பயனில்லை. இன்று கிளம்பாத எஞ்சினின் குறை பெரும்பாலும் நேற்று நிறுத்திய முறையிலேயே உள்ளது.

ஆகவே, இறைப்பு முடிய இரண்டு மூன்று நிமிடங்களுக்கு முன்னர் எஞ்சினைப் பெற்றோலுக்குத் திருப்பி, அதன் பின்னரே நிறுத்துதல் வேண்டும். பெற்றோல் அரிதாயின், மண்ணெண்ணெய்க் குழாயைப் பூட்டிவிட்டு, கிண்ணத்திலுள்ளது எரிந்து எஞ்சின் தானே நிற்கும்வரை விடலாம். 1990 ஆம் ஆண்டின் பின்னர் நிலவிய தடைக் காலத்தில் சில துளி பெற்றோலைக் கொண்டே எஞ்சினைக் கிளப்பப் பழகியவர்கள் குடாநாட்டு மக்கள். அச்சிக்கனம் இன்றும் தேவையே. 2022 ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் 1 லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததைக் கமக்காரர் மறந்திரார்.

குறையைக் கண்டறியும் ஒழுங்கு

எஞ்சின் கிளம்புதற்கு எரிபொருள், தீப்பொறி, அமுக்கம் ஆகிய மூன்றும் வேண்டும். கண்டபடி திருகாணிகளைக் கழற்றாது, பின்வரும் ஒழுங்கில் ஒவ்வொன்றாகச் சோதித்தல் நன்று.

1. முதற் பார்வை: பெற்றோல் உள்ளதா, குழாய் பெற்றோற் பக்கம் திறந்துள்ளதா, நிறுத்தும் சுவிச்சு ஓடும் நிலையில் உள்ளதா எனப் பார்க்க. எஞ்சின் ஒயிலின் மட்டத்தையும் பார்க்க. ஒயில் குறைந்தால் தீப்பொறியை நிறுத்திவிடும் அமைப்பு இக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் உண்டு.

2. எரிபொருள்: காபரேற்றர்க் கிண்ணத்தின் அடியிலுள்ள சிறு திருகாணியைத் தளர்த்தி, உள்ளிருப்பதை ஒரு போத்தலில் வடிக்க. மண்ணெண்ணெய் மணத்தால் முழுவதையும் வடித்துவிட்டுப் பெற்றோலை நிரப்புக. அடியில் நீர்த்துளிகள் உருண்டால் தாங்கியில் நீர் சேர்ந்துள்ளது என அறிக. ஒன்றும் வடியாவிடின் குழாயோ அதன் வடியோ அடைத்திருக்கும். தாங்கி மூடியிலுள்ள நுண்துளை அடைத்தாலும் எரிபொருள் இறங்காது.

3. பிளக்கு: பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பார்க்க. நனைந்திருந்தால் எரிபொருள் மிகுதியாகச் சென்றுள்ளது, அல்லது தீப்பொறி இல்லை. உலர்ந்திருந்தால் எரிபொருள் செல்லவில்லை. கரி படிந்திருந்தால் துடைத்துத் தூரிகையாற் சுத்தஞ் செய்க. இக்காலத்துச் சிறிய நான்கடிப்பு எஞ்சின்கள் பலவற்றிற்குப் பிளக்கு நுனிகளின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இருத்தல் வேண்டும். எஞ்சினுடன் வந்த கைநூலில் வேறு அளவு கூறப்பட்டிருப்பின் அதனையே கைக்கொள்க.

4. தீப்பொறி: சிந்திய எரிபொருளைத் துடைத்து, தாங்கிக் குழாய்களைப் பூட்டிய பின்னரே இச்சோதனையைச் செய்க. கழற்றிய பிளக்கை அதன் மூடியிற் செருகி, பிளக்குத் துளைக்கு அப்பால், அதன் உலோக உடல் எஞ்சினிற் படும்படி வைத்துக் கயிற்றை இழுக்க. நீலநிறப் பொறி பளிச்செனத் தோன்றினால் குறையில்லை. பொறி இல்லாவிடின் புதிய பிளக்கு ஒன்றை வைத்துப் பார்க்க. அதிலும் தோன்றாவிடின் சுவிச்சின் கம்பியோ கொயிலோ பழுதாகியிருக்கும். அது திருத்துநரின் வேலையாகும்.

5. மிகை எரிபொருள்: சோக்கைப் பூட்டியபடி பலமுறை இழுத்தால் எஞ்சின் நனைந்துவிடும். அவ்வாறாயின் சுவிச்சை நிறுத்தி, சோக்கைத் திறந்து, பிளக்கைக் கழற்றி வைத்துக் கயிற்றைப் பத்துமுறை இழுக்க. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். பிளக்கை உலர்த்திப் பூட்டிச் சோக்கின்றிக் கிளப்புக.

6. வளி வடி: குடாநாட்டுச் செம்மண் தூசி வளி வடியை விரைவில் அடைத்துவிடும். பஞ்சு வகையாயின் சவர்க்கார நீரிற் கழுவி நன்றாக உலர்த்தி, சிறிது ஒயில் தடவிப் பிழிந்து பூட்டுக. பெற்றோலிற் கழுவுதல் தீ விபத்துக்கு இடமாகும்.

7. அமுக்கம்: கயிறு தடையின்றி எளிதாக வந்தால் அமுக்கம் இல்லை. பிளக்கு இறுக்கமாயுள்ளதா எனப் பார்த்து, பின்னர் திருத்துநரை நாடுக. கயிறு சிறிதும் அசையாவிடின் வலிந்து இழுத்தலாகாது; பம்பியினுள் கல்லோ மணலோ சிக்கியிருத்தல் கூடும்.

மாரியின் பின்

மாரி மாதங்களில் ஓய்ந்திருந்த எஞ்சின் தை மாதத்திற் கிளம்பாமை வழக்கமான முறைப்பாடு. பல கிழமைகள் கிடந்த பெற்றோல் தன் வீரியத்தை இழந்து, காபரேற்றரின் நுண்துளைகளிற் பசைபோற் படிந்துவிடும். ஆதலால் எஞ்சினை ஓய்வில் வைக்குமுன் தாங்கியையும் கிண்ணத்தையும் வடித்து, ஈரமற்ற இடத்தில் மூடிவைத்தல் வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலுடன் கலந்து அதனை இளக்கும் இயல்பும் உண்டு. ஒயில் மட்டம் தானே உயர்ந்தாலும், அதில் மண்ணெண்ணெய் மணம் வீசினாலும் உடனே மாற்றுதல் வேண்டும்.

உயிர் காக்கும் எச்சரிக்கை

கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது எஞ்சினைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டுதல் பேராபத்தாகும். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. கிணற்றினுள் தேங்கி, இறங்கியவரைச் சொற்ப நேரத்தில் மயக்கிக் கொல்லும். அவரை மீட்க இறங்குபவரும் அவ்வாறே மாள்வர். எஞ்சின் கிணற்றுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மட்டுமே ஓடல் வேண்டும். சூடான எஞ்சினிற் பெற்றோல் ஊற்றுதலும் ஆகாது.

சுருக்கம்

பெற்றோலிற் கிளப்புக, சூடான பின் மண்ணெண்ணெய்க்குத் திருப்புக, மீண்டும் பெற்றோலுக்குத் திருப்பி நிறுத்துக. கிளம்பாவிடின் முதலிற் கிண்ணத்தை வடித்து, அடுத்துப் பிளக்கைப் பார்க்க. புதிய பிளக்கு ஒன்றும், அதைக் கழற்றும் சாவியும் எப்பொழுதும் கைவசம் இருத்தல் நன்று. நிறுத்தும்போது செலவாகும் இரண்டு நிமிடம், மறுநாள் இறைப்பையும் பயிரையும் காக்கும்.